தீவா, லீவா

தூங்குமூஞ்சி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். என் பேத்தி பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள், சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்குவாள். ஆனால் ஓடுகாலி என்று ஒரு வார்த்தை இந்த மாடிப்படியில் ஏறி இறங்குகிறதே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் யாரோடும் ஓடவில்லை. நர்ஸ் படிப்பில் தோற்று விரட்டப்படவும் இல்லை. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். பாதியை நடத்தியவளே நான்தான்.

எதிர்வீட்டுத் தையல்காரி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். கையில் பெட்டியோடு போனாள், முகம் கறுத்து வந்தாள், காலேஜ் பக்கம் போகவில்லை, பகலெல்லாம் படுக்கை. அத்தனையும் உண்மை. துணி சரி, வெட்டியதுதான் தப்பு.

மூன்று வருடமாக அந்தப் பெண் என்ன பாடுபட்டாள் என்று இவர்கள் யாராவது பார்த்தார்களா? காலையில் வார்டு, மதியம் வகுப்பு, வாரத்தில் மூன்று ராத்திரி மறுபடியும் வார்டு. போக வர இரண்டு பஸ் மாற வேண்டும். நோயாளிக்குப் படுக்கை விரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாதாம். நாலு மூலையும் கவர் ஒட்டின மாதிரி நிற்குமாம். வீட்டில் அவளுடைய படுக்கையை விரித்ததும் இல்லை, சுருட்டியதும் இல்லை. வருவாள், விழுவாள், எழுந்து ஓடுவாள். ஒருநாள் ஒரு பெரியவருக்கு ஜுரம் பார்க்கப் போய், கட்டில் கம்பியில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவரே தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ போய்ப் படு" என்றாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.

என் மகன், அவளுக்குத் தாய்மாமன், பணக்காரர்கள் வெயில் காய வரும் ஒரு தீவில் ஓட்டல் சமையல்காரன். மழைக்காலத்தில் விருந்தாளிகள் வர மாட்டார்கள், அப்போது வேலையாட்களின் வீட்டு மனிதர்கள் வந்து தங்கலாம். காலேஜில் பத்து நாள் விடுமுறை விட்டதும், மருமகளை அனுப்பி வை, தூங்கவாவது தூங்கட்டும் என்றான். அனுப்பினேன். அதுதான் அந்தப் பெட்டி.

அங்கே கிடைத்த அறை சமையலறைக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் தேங்காய் மட்டைக் குவியல். தகரக் கூரையில் நாலு நாள் விடாமல் மழை, நாலு நாளும் இவள் விடாமல் தூக்கம். ஐந்தாம் நாள் வெயில் வந்தது. கடலைப் பார்க்கிறேன் என்று மணலுக்குப் போனவள் அங்கேயும் தூங்கிவிட்டாள். முகத்தில் ஒரு பக்கம் கறுத்தது அப்படித்தான். கைக்கடிகாரம் கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. மீதி நாட்களில் என்ன செய்தாள் தெரியுமா? ஓட்டல் அறைகளில் விரிப்பு கோணலாகக் கிடப்பதைப் பொறுக்க மாட்டாமல் போய்ப் போய் இழுத்துச் சரிசெய்தாள். செக்குமாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனாலும் அது வட்டமாகத்தானே நடக்கும். அதைப் பார்த்த மேனேஜர், இங்கேயே வேலைக்கு வருகிறாயா என்று கேட்டாராம்.

திரும்பும் நாளில் கடல் பொங்கியது. படகு நாலு நாள் நின்றுபோனது.

அந்த நாலு நாளில்தான் காலேஜ் கிளார்க் போன் செய்தார். இவளுடைய அம்மா, என் மகள், பிஸ்கட் கம்பெனிக்குப் பெட்டி அடுக்கப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். உங்கள் பேத்தி ஏன் வரவில்லை என்றார். "தீவுல இருக்கா" என்றேன்.

"லீவா? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு மூணு வருஷமா எங்க சரியா இருக்கு?"

"எப்ப வருவாங்க?"

"அது நம்ம கையிலயா இருக்கு? ஆண்டவன் விட்டாத்தான்."

அவர் குரலைத் தாழ்த்தி, தைரியமாக இருங்கள் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இவள் ஊர் வந்து மறுநாள் காலேஜுக்குப் போனால், பெயர் நீண்ட லீவுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. வார்டில் இவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்து படுத்தவள்தான், ஒன்றரை மாதம் எழுந்திருக்கவில்லை. உன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று மகள் என்னைக் கேட்டாள். என் வாயில் என்ன தப்பு? நான் தீவு என்றேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். அவர் காதில் லீவு விழுந்தால் அது அவர் காது. எனக்கு எழுத்துதான் தெரியாது, காது பாம்புக் காது.

போன வாரம் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை கீழ் வகுப்போடு சேர வேண்டும், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்களாம். அதே வாரம் மகனும் போன் செய்தான். ஓட்டல் வேலை காத்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான்.

நான் செருப்பை மாட்டினேன். நேரே போய் அந்தக் கிளார்க்கிடம், அது தீவு ஐயா, மாற்றி எழுது, அவளை அவள் வகுப்பிலேயே உட்கார வை என்று சொல்லிவிட்டு வரலாமென்று. படுக்கையிலிருந்தே கூப்பிட்டாள்.

"பாட்டி, உக்காரு. ஊர்லேந்து வந்து நான் காலேஜுக்குப் போன அன்னைக்கு அவரே கேட்டாரு. லீவுன்னு எழுதியிருக்கேன், சரிதானேம்மான்னு. இல்ல சார், தீவுன்னு சொல்லியிருந்தா அப்பவே அடிச்சு மாத்தியிருப்பாரு. பேனா கையிலதான் இருந்துச்சு."

"ஏண்டி சொல்லல?"

"வாய் வரல. லீவுன்னு அவர் சொன்னதும் அப்படியே கால் ரெண்டும் லேசான மாதிரி இருந்துச்சு. ஆமா சார்னுட்டேன்."

ஒன்றரை மாதமாக நான் அந்த மனிதரின் காதைத் திட்டிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றினேன். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்படியானால் மாமனிடமே போயேன், கடல் காற்றாவது மிஞ்சும் என்றேன். அந்தப் படுக்கையைவிட்டு அவள் எழுந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அங்கயும் படுக்கைதான் விரிக்கணும் பாட்டி. விரிச்சு முடிச்சா, வார்டுல மாதிரி அதுல ஆள் இருக்காது."

பிறகு எழுந்து பீரோவைத் திறந்து யூனிபாரத்தை எடுத்தாள்.

அந்தக் காலேஜில் வருடத்துக்கு ஒரு கோடு. மூன்றாம் வருடத்துக்காரிக்குச் சட்டைக் கையில் மூன்று கோடு, கீழ் வகுப்புக்கு இரண்டு. ஒன்றைப் பிரிக்க வேண்டும். நான் பிரித்திருப்பேன். அவள் அதை நேராக எதிர்வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடி, கோடு கொறையுதா?" என்றாள் தையல்காரி.

"ஆமாக்கா. மூணு இருந்துச்சு, இனிமே ரெண்டு. நாலு பேர்கிட்ட சொல்றப்ப எண்ணிக்கை மாறாம சொல்லுங்க."

தையல்காரி சட்டையை வாங்கிக்கொண்டாள். ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக, துணி நோகாமல் பிரித்துக் கொடுத்தாள். அவள் கைவேலையை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை. ஆனால் இந்த வருடம் மூன்று கோட்டோடு தைத்த சட்டை அதற்குள் வெளுத்துச் சாயம் போயிருந்தது. கோடு மூடியிருந்த இடம் மட்டும் சாயம் போகாமல் கருநீலமாக நின்றது. இருக்கிற இரண்டைவிட எடுத்த கோடுதான் பளிச்சென்று தெரிந்தது. புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போ, கேவலமாக இருக்கிறது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். தெரியட்டும் என்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை தட்டின் முன் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவது வாயில் கண் சொருகியது. தோளைத் தட்டினேன். ஒன்றரை மாதம் படுத்தும் தூக்கம் தீரவில்லையா என்றேன். இது தீராது போலிருக்கிறது, இதோடுதான் போக வேண்டும் என்றாள். கடிகாரத்தைக் கட்டினாள், மணிக்கட்டில் தீவின் வெள்ளை மறைந்தது. பையை எடுத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

"லீவு முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுதுக்கா" என்று கொட்டாவியோடு சொன்னாள்.

வாசலைத் தாண்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படி திரும்பும் வரை சட்டைக் கையில் அந்தக் கருநீலம் தெரிந்தது. நடுவில் எங்கேயாவது சாய்ந்து தூங்கிவிடுவாளோ என்று பயந்து, ஒவ்வொரு படியாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.