வெற்றிலை என்று பெயர் வைத்த படம்

எங்கள் ஊரில் கொம்பியூட்டருக்கு என்ன நோய் வந்தாலும் ஒரே மருந்துதான்: உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தெறிகிற ஃபோமட். மெதுவாக ஓடுகிறதா, ஃபோமட். வைரஸா, ஃபோமட். பிரிண்டரில் தாள் சிக்கினால்கூட "ஒருக்கா ஃபோமட் அடிச்சுப் பாப்பமா தம்பி" என்று கேட்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். கல்முனையில் தட்டச்சுக் கடை வைத்து வருஷக்கணக்காகக் கலியாண அழைப்புக் காட்டும் விண்ணப்பமும் அடித்த எனக்கும் அந்தக் கைப்பழக்கம் ஊறிப்போயிருந்தது. அந்தக் கைதான் என் மாமியின் முகத்தை இந்த உலகத்திலிருந்து துடைக்கப் பார்த்தது.

மாமி என்றால் மனைவியின் உம்மா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான், நானும் போனேன். படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அதுதான் வானவர்கள், வரமாட்டார்கள் என்பதில் மாமி உறுதியாக இருந்தார். எங்கள் கலியாணத்தில் கமரா தன் பக்கம் திரும்பியபோதெல்லாம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்படிப்பட்டவர் ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்தார். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டுமே, வேறு வழியில்லை. விண்ணப்பத்துக்குப் போனது போக மிஞ்சிய பிரதிகளை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டார்.

ஆனால் அதற்குள் நான் ஒரு வேலை பார்த்திருந்தேன். கடைக்குப் புது ஸ்கேனர் வந்த நேரம் அது. கையில் அகப்பட்டதையெல்லாம் அதில் வைத்துப் பார்ப்பேன். மாமியின் படத்தையும் வைத்தேன். வைத்ததோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லியும் தொலைத்தேன். மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"என்ட முகம் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கா மகன்?"

"ஓம் மாமி."

"அழிச்சிருங்க. நான் மவுத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் அது கிடக்கப்படாது."

அடுத்த நாள் அழிக்கத்தான் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. ஆங்கில எழுத்தில் 'வெற்றிலை' என்று பெயரை மாற்றிக் கலியாணக் காட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். மாமிக்கு வாயில் எந்நேரமும் வெற்றிலைதான். வீட்டுக்கு வந்து, மனைவியும் கேட்டுக்கொண்டிருக்க, "அழிச்சாச்சு மாமி" என்று பச்சைப் பொய் சொன்னேன்.

சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் வயல் பக்கத்து உறவினர் வீட்டில் இருந்தோம். மாமி வரமாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். கடல் வந்து போன பிறகு எங்கள் வளவில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. மாமியை மூன்றாம் நாள் அடக்கினோம். ஹஜ்ஜுக்கு எடுத்த பாஸ்போட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, அவர் உடுத்த ஒரு சேலைகூட மிஞ்சவில்லை.

கடை கடலை விட்டுத் தள்ளி, பெருந்தெருவுக்கு மேற்கே இருந்ததால் கொம்பியூட்டர் தப்பியது. ஆனால் முகாம்களில் இருந்தவர்களின் விண்ணப்பங்களை அடித்து அடித்து, கரண்ட் வந்தும் போயும் படுத்திய பாட்டில், சில மாதங்களில் அது எழும்ப மறுத்தது. ஏதோ ஃபைலைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி காட்டும், அவ்வளவுதான். புதிது ஒன்று வாங்கிக்கொண்டு பழையதைத் துணியால் மூடி வைத்தேன். படத்தைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடவில்லை. இருக்கிறது என்று சொல்லி, பிறகு டிஸ்க் செத்துவிட்டது என்றால் உம்மாவை இரண்டாம் தரம் அடக்கக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பொய் சொன்ன வெட்கம் வேறு.

யுத்தம் முடிந்த வருஷம், புது வீட்டுக் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள்: "உம்மாட முகம் சரியா வருதில்ல. நாடியில இருந்த மச்சம் எந்தப் பக்கம் எண்டு காலையிலிருந்து யோசிக்கன். தெரியல்ல. நானெல்லாம் என்ன புள்ள!"

அதைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. மறுநாளே அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். அங்கே பழைய சாமான்களை எறியாமல் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவன், 'தொண்ணூற்றெட்டு' என்று நாங்கள் சொல்லும் அந்தக் காலத்து விண்டோஸ் சீடியையும் ஒரு ஃப்ளொப்பியையும் தேடித் தந்தான். "என்ன மச்சான், மியூசியம் தொறக்கப் போறியா?" என்றான். யுத்தம் முடிந்ததால் வழியில் சோதனைச்சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கச் சொல்ல ஒருவரும் இல்லை. பையைத் திறக்காமல் போய்த் திரும்பியது எனக்கே புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பழைய பெட்டிக்கு வயர்களைப் பூட்டினேன். பழைய விண்டோஸின் மேலேயே புதிதாகப் போட்டால் உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் விரலுக்குத் தெரியவில்லையே! ஃப்ளொப்பி கரகரத்தது, கறுப்புத் திரை வந்தது, விரல் தன்பாட்டில் ஃபோமட் என்று அடித்து என்டரையும் தட்டிவிட்டது. எல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று திரை கேட்டது. ஆமாம் என்கிற 'ஒய்' எழுத்துக்கு மேலே போய் நின்ற விரலை வெடுக்கென்று இழுத்தேன். வேண்டாம் என்கிற 'என்'னைத் தட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன்.

தேநீரோடு வந்த மனைவி, "என்ன, இப்பிடி வேர்த்திரிக்கி?" என்றாள்.

இனி என்னத்தை மறைக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன்.

"உம்மாட்ட அழிச்சாச்சு எண்டீங்களே!"

"பொய் சொன்னன்."

அவள் நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அல்லாவே! அப்ப கிடக்கா?"

"தெரியா. இரு, பாப்பம்."

ஃபோமட் இல்லாமல் தொடங்கினேன். நீலக் கோடு ஒரு நத்தைபோல நகர்ந்தது. இடையில் அசையாமல் நின்று என் உயிரை வாங்கியது. அவள் ஸலவாத்து ஓதிக்கொண்டே இருந்தாள், தேநீர் ஆறிப்போனது. கடைசியில் திரை விழித்தது. கலியாணக் காட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே வெற்றிலையும் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியேவிட்டேன்.

திரைக்குச் சரியான நிறம் தருகிற டிரைவர் மென்பொருளை இன்னும் போடவில்லை. பதினாறே நிறத்தில், புள்ளி புள்ளியாக, மாமி வந்தார். ஸ்டூடியோக்காரனை முறைத்தபடி, ஒரு கன்னம் மட்டும் உப்பி.

மனைவி எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். "வலப்பக்கம். மச்சம் வலப்பக்கம்" என்றாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். "பாருங்க, வெத்திலய துப்பல்ல! பாஸ்போட்டுப் படத்துக்கும் துப்பல்ல இந்த மனிசி!" சிரித்துச் சிரித்தே அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "உம்மாட்டக் குடுத்த வாக்கு வாக்குத்தான். இப்ப அழிச்சிருங்க."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்ன விசர்க் கதை கதைக்காய்? இதுக்கா நான் அக்கரைப்பத்துக்கு ஓடின?" என்றேன். சரி, அவள் உம்மா, அவள் இஷ்டம் என்று விரலை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இண்டைக்கு வேணாம். நாளைக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விட்டது. அஸர் தொழுதுவிட்டு வந்து பழைய பெட்டியை எழுப்பச் சொல்வாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். எழும்பும்போது, "இன்னும் அழிக்கல்லயா நீங்க?" என்பாள்.

"நாளைக்கு" என்பேன்.

"ஓம், மறந்திராதீங்க" என்று சொல்லி, துணியை இழுத்துத் திரையை மூடிவிட்டுப் போவாள்.