எதிர் விளிம்பு

திருநீற்றுச் சம்புடத்தில் ஒரு காசு கிடக்கிறது. செம்பு நிற ஒரு நயா பைசா. ஓரத்தில் பிறை அளவுக்கு ஒரு துண்டு இல்லை, எலி கடித்த அப்பளம் மாதிரி. இதை எடுக்கும்போதெல்லாம் என் சகலையின் முகம்தான் வரும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அவனுக்குப் பெட்டிக்கடை. நான் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினேன். படிப்பு இருவருக்கும் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் களமருதூரில் மாமனார் வீட்டுக்குப் போனால் அவனுக்கு நாற்காலி, எனக்குப் பாய். காரணம் அவன் சேர்த்த பழைய காசுகள். கல்லாவில் விழுவதில் தப்பாக அச்சானதைப் பொறுக்கி வைப்பான். அதைப் பார்க்க வெளியூர் ஆட்கள் கடை தேடி வந்தார்கள். மாமனார் அதை ஊர் முழுக்கச் சொன்னார். "பொறக்கும்போதே வந்த குறையா, பொறந்த பெறகு வந்த குறையா, அதான் பாக்கணும்" என்பான் சகலை, காசைக் கையில் எடுத்ததும். அச்சாகும்போதே வந்த குறைக்குத்தான் மதிப்பு. ஒருநாள் நான் கடையில் நிற்கும்போது ஒருவர் சிங்கம் நசுங்கிய காசைக் கொண்டுவந்து, தப்பு அச்சா என்று கேட்டார். சகலை கையில்கூட வாங்கவில்லை. "வண்டி ஏறிட்டுப் போயிருக்குதுங்க. தோ, டிரைவரு நிக்கிறாரு, கேளுங்க" என்று என்னைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் இந்தக் காசு கிடைத்தது. ஜீப்பைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில் இருந்தது. மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கிய யாருடைய முந்தானை முடிச்சிலிருந்தோ விழுந்திருக்கும். புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரத்தது. தேய்த்தால் கெட்டுவிடும் என்று அவன் சொன்னது நினைவு வந்தது. அதற்கும் அவன் சொல்தான். யாரிடமும் மூச்சு விடாமல் காணும் பொங்கலுக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு மொத்தக் குடும்பமும் இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் அவன் முன்னால் காசை வைத்தேன். "இது இன்னான்னு சொல்லு, சகல."

"எவனோ கத்திரியில வெட்டிகிறான்" என்றார் மாமியார்.

அவன் குறைந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. காசைத் திருப்பி எதிர்ப்பக்க விளிம்பை நகத்தால் தடவினான். திரும்பத் தடவினான். முகம் மாறியது. "இல்ல அத்த. வெட்டுன காசுன்னா எதிர்ல கரை முழுசா இருக்கும். இதுல நேர் எதிர்ல கரை எழும்பவே இல்ல பாருங்க. தகடு குறையா வந்து, அதும்மேல அச்சு வுழுந்துகிது. அசலு. எங்கிட்டகூட இந்த மாரி ஒண்ணு கெடையாது."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு நொடிதான். "பாத்தியா பெரிய மாப்ள கண்ண! நகத்தாலயே சொல்லிட்டாரே!" என்றார் மாமனார். காசு என்னுடையது, பெயர் அவனுக்கு. அது உயர்ந்த காசு என்று சொல்லவும் அவன் வாய்தான் வேண்டியிருந்தது.

கிளம்பும்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக வந்தான். "சகல, அத எனக்குக் குடுத்துடேன். எங்கிட்ட கீறதுல எது வோணுமோ எடுத்துக்க." அதுவரை அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. முடியாது என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. அன்றைக்கு வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பான். "காசு இன்னா பண்ணுது, சகல?"

"தூங்குது."

"எழுந்தா சொல்லு."

அவன் போன வருஷம் செத்தான். பழைய காசு சேர்க்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ மாலையோடு வந்தார்கள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று பார்த்தேன். பாடைக்குப் பக்கத்திலும் வயிறு எரிந்தது.

இந்தப் பொங்கலுக்குச் சம்புடத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு களமருதூர் போனேன். மாமனார் இல்லை, அவனும் இல்லை. மச்சான் நாற்காலியை எனக்குப் போட்டான். உட்கார்ந்தேன். சாப்பாடு முடிந்தது. பேச்சு மழையைப் பற்றிப் போனது, நெல்லைப் பற்றிப் போனது. பைக்குள் கைவிட்டு, கரை எழும்பாத அந்த இடத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தேன். காசு இன்னா பண்ணுது என்று ஒருவரும் கேட்கவில்லை.