குளத்துக்கு மதிப்புப் போட்ட நாள்

அடுத்தவர் சொத்துக்கு மதிப்பு எழுதி எழுதியே கை சலித்துப்போன மனுஷன் நான். அறுபதுகளில் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு ஊர்க்குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டுவதாக மேலே முடிவு செய்துவிட்டார்கள். குளத்தின் மதிப்பு என்ன என்று எழுதிவர என்னை அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் சைக்கிளை மிதித்தேன்.

விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுது என்பது உத்தரவு. ஊர் மணியக்காரர் மூன்று பேரைக் கூட்டி வைத்திருந்தார். ஒருவர் மீன் குத்தகைக்காரர், ஒருவர் கரையிலுள்ள கருவேல மரங்களை ஏலம் எடுப்பவர், இன்னொருவர் வயல்களுக்கு வண்டல் அடிக்கிற வண்டிக்காரர். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி தனித்தனியாகக் கேட்டேன். பிறகு மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, ஒரே மதிப்புக்குக் கொண்டுவந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

கிளம்பும்போது ஒரு அம்மாள் ஓடிவந்தார். குளத்துக்குக் கீழே மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். புருஷன் இல்லை. தோட்டமும் அதிலிருந்த கிணறும்தான் பிழைப்பு. கையோடு கிணறு வெட்டுகிறவரையும் அழைத்து வந்திருந்தார்.

"அய்யா, இவரையும் செத்த நேரம் கேளுங்க. எங்க கேணிய வெட்டுனது இவருதேன்."

கிணறு வெட்டுகிறவர் சொன்னார்: "குளம் நெறஞ்சா மூணாம் நாளு இந்தக் கேணி ஊறும் சார். குளம் போச்சுன்னா கீழ இருக்க அம்புட்டுக் கேணியும் போச்சு. அதையும் எழுதுங்க."

நான் நிரப்பவேண்டிய அச்சுப் பாரத்தில் மீனுக்குக் கட்டம் இருந்தது, மரத்துக்கும் வண்டலுக்கும் இருந்தது. ஊற்றுக்கு இல்லை. குளத்திலிருந்து அள்ளிக்கொண்டு போகிறவர்களை மட்டும் கேட்டால், அள்ளுகிற சாமான்தானே மதிப்பில் வரும்? அன்று அது எனக்கு உறைக்கவில்லை. தலைவலி, பசி, திரும்பிப் போகவேண்டிய தூரம். "எழுதிக்கிறேம்மா" என்றேன். எழுதவில்லை. ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் குளம் தப்பியிருக்குமா, தெரியாது.

இரண்டு வருடம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். யார் தோட்டத்துக்கோ கூலிக்குப் பூப்பறிக்கப் போகிற பெண்களோடு நின்றிருந்தார். நான் முகத்தைத் திருப்புவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார்.

"கேணி வத்திப்போச்சு சார். நீங்க அன்னைக்கு எழுதித்தான குடுத்தீக. மேல இருக்கவுக கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீக?"

என்னைத் தேற்றினார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.