தண்டில் அடைப்பு இல்லை

புகையிலைப் பைப் பிடிக்கிறவர்கள், பைப் பழுது பார்க்கும் அவரை இழுப்புக்காரர் என்றுதான் சொல்வார்கள். தண்டுக்குள் சளசளப்பு, விசில் மாதிரி ஊதல், காற்றே வராத இறுக்கம், எதுவானாலும் சரி. தண்டைக் கழற்றி வாயில் வைத்து ஒரே இழுப்பு. கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்புறம்தான் துளை துடைக்கிற பஞ்சுக் கம்பி, அரம், மெல்லிசு டிரில் எல்லாம். வேலை முடிந்து "சரியா இருக்கா?" என்று யாரையும் கேட்டது கிடையாது.

மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகன் கடல் தாண்டி இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான். கூடப் பிறந்த ஐந்து பேரில் மிஞ்சியது கடைசித் தங்கச்சி ஒருத்திதான். இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடி. அவள் புருஷன் சாவுக்குப் போய் வந்தவர், ஒன்றரை வருஷமாக அந்தப் படி ஏறவில்லை. சண்டை ஒன்றுமில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் பைப்பை மேஜையில் வைத்தார்.

"துளையை இப்படி அகலமாக்கிட்டீங்களே. புகையிலை குபுகுபுன்னு எரியுது, நாக்கு வெந்துபோச்சு. உங்க கை வேலை இப்படி இருக்காதே."

அந்த மாசம் இதே குறையோடு வந்த மூன்றாவது ஆள். கார்டு போனதும் இழுப்புக்காரர் ஆணியில் தொங்கிய தன் பழைய தண்டை எடுத்தார். அதுதான் அவருக்கு அளவு. இருபது வருஷமாக அதில் அரம் பட்டதில்லை. இழுத்தார். இறுக்கமாக இருந்தது. பஞ்சுக் கம்பி விட்டார், வெள்ளையாகவே வெளியே வந்தது. வெளிச்சத்தில் பிடித்தார், துளை பளிச்சென்று தெரிந்தது. மறுபடி இழுத்தார். அதே இறுக்கம். கை தன்பாட்டுக்கு டிரில்லை எடுத்துவிட்டது. முனையைத் துளையில் வைத்தவர் அப்படியே நின்றார். இதையும் குடைந்துவிட்டால் அப்புறம் எதை வைத்து எதை அளப்பது?

இன்னொருவர் வாய் வேண்டும். மகனிடம் கேட்கலாமென்றால், மூச்சைப் போனில் வாங்க முடியாது. தண்டை வெந்நீரில் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தங்கச்சி வீட்டுப் படியில் மாடிக்கு மாடி நின்று, கதவுகளில் இருந்த பெயர்ப் பலகைகளைப் படிப்பவர் போலப் பாவனை செய்து ஏறினார்.

"என்னண்ணே திடீர்னு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் தங்கச்சி.

கையை மட்டும் அசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு வரக் கொஞ்ச நேரமானது.

"இதை வாயில வச்சு ஒரு இழுப்பு இழு."

"அறுபத்தெட்டு வயசுல எனக்குப் பைப் பழக்கிவிட வந்தியா?"

"வெறும் தண்டுதான். இழு."

துண்டால் இன்னொரு தடவை துடைத்துவிட்டு இழுத்தாள். "என்ன இருக்கு இதுல? ஜன்னல் திறந்த மாதிரி காத்து வருது."

"இன்னொரு தடவை."

இழுத்தாள். "தாராளமா வருதுண்ணே. நல்லாத்தானே இருக்கு?"

"தண்டு நல்லாத்தான் இருக்கு."

அவள் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். "இன்னும் இரைக்குதே உனக்கு."

"மூணு மாடில்ல."

"போன தடவையும் மூணு மாடிதான்." தண்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நான் வருவேன், நீ கதவைத் தாழ் போட்டுக்காதே."

கார்டுக்குப் புதுத் தண்டு செய்தார். பழைய தண்டின் துளைக்குள் சரியாகப் பொருந்துகிற டிரில்லைத் தேடி எடுத்துத் துளை போட்டார். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. கார்டு வந்து இழுக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?"

கார்டு நிமிர்ந்தார். "ஏன், நீங்க பார்க்கலையா?"

"நீங்க சொல்லுங்க."

கார்டு இன்னொரு தடவை, மெதுவாக இழுத்தார்.

"இருக்கு," என்றார்.