பதிமூன்று அடி

மாடியில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை. உயரம் பத்து, அகலம் பதிமூன்று, நீளம் பதினேழு அடி என்று கொத்தனாரிடம் சொல்லியிருந்தேன். உயரமும் அகலமும் நெருங்கிவிட்டால் கனத்த ஒலி தேங்கி இரையும்.

திருமங்கலத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு மாலை மாடியேறினேன். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. டேப்பைப் பிடித்தால் அகலம் பதினொன்று.

"மனையடி சாஸ்திரத்துல பதிமூணு ஆகாதுண்ணே. வீட்டுக்குள்ள சண்டை ஓயாது. அதான் உள்ள தள்ளிக் கட்டிட்டேன்" என்றார் கொத்தனார்.

முன்பென்றால் தெருவே கேட்கக் கத்தியிருப்பேன். கோபம் வரட்டும் என்று சற்று நின்றேன். வரவில்லை.

இந்த அறையே சண்டையில் முடிவானதுதான். "சத்தத்தக் கொறைங்க, இல்ல மாடிக்குப் போயிருங்க" என்று மனைவி தினமும் அடுப்படியிலிருந்து கத்துவாள். செங்கல் வந்து இறங்குவதற்குள் இறந்துபோனாள். வேலையை நிறுத்தலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகே வேலைக்கு வந்த இந்தக் கொத்தனாருக்கு அவளைத் தெரியாது.

"இடிச்சிரவாண்ணே?" என்றார்.

"வேணாம், இருக்கட்டும்."

அவர் முகம் மலர்ந்தது. "பாருங்கண்ணே, இனிமே உங்க வீட்ல சண்டையே வராது."

"வராது" என்றேன்.