பக்கத்துக் கட்டில்காரி கேட்ட கேள்வி

எழுபதுகளின் தொடக்கத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எங்கள் வீடு திருகோணமலையில், பாலையூற்றில். நான் பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரர், இவர், துறைமுகத்தில் கிளார்க். ஒரே மகள், அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

அதற்கு முன்னரே எனக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் இடுப்பில் ஒரு நோவு. கரும்பலகைக்கு முன்னால் நிற்க ஏலாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் புற்று வருத்தம் எலும்புக்குப் போயிருந்தது.

நோவு குறையக் கதிர்ச் சிகிச்சை கொடுப்பதற்காக வார்டில் வைத்திருந்தார்கள். கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சூலகங்களையும் எடுத்துவிட்டால் சிலருக்கு எலும்பிலுள்ள வருத்தம் அடங்கும், அதற்கு இன்னொரு ஒப்பரேஷன் செய்வோம் என்றார் பெரிய டொக்டர். நான் மறுத்துவிட்டேன். எலும்புக்கு வந்தால் அவ்வளவுதான் என்பது என் எண்ணம். கண் மூடுவதற்குள் மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். மூதூரில் கடை வைத்திருந்தவரின் மகனைப் பேசி, ஆவணியில் கலியாணம் என்று முடிவாகியும் இருந்தது. படிப்பை நிற்பாட்டுவோம் என்றபோது மகள் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில், எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட இளையவள். அந்த வார்டில் எங்கள் ஊர்க் கதை கதைக்க ஆள் கிடைத்ததில் இருவருக்கும் பெரிய சந்தோஷம். அவளுக்கும் மார்பில் வந்து, பிறகு முதுகெலும்புக்குப் போன வருத்தம்தான். டொக்டர் எனக்குச் சொன்ன அதே ஒப்பரேஷன் அவளுக்குச் செய்து சில வருஷமாகியிருந்தது. புருஷன் எருமை வளர்ப்பவர்.

"போன வருஷம் ஒரு எருமைக் கண்டு வாங்கினனான் டீச்சர். இந்த வருத்தத்தோட கண்டு எதுக்கெண்டு மாமி ஏசினா. அது வளந்து பால் தரும், நானே தயிர் போடுவன் எண்டு சொன்னனான்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலியாணக் கதையைச் சொன்னேன். அவள் எழும்பி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு காலம் இருப்பீங்க எண்டு டொக்டர் சொன்னவரா?"

"இல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்கவில்லை."

"கேக்காமலே அந்தப் பிள்ளையிட படிப்ப நிப்பாட்டிப்போட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில்தான் நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அடுத்த நாள் டொக்டர் வந்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதை முற்றாகத் துடைத்தெடுக்க ஏலாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். ஒப்பரேஷன் கைகொடுத்தால் வருஷக்கணக்கிலும் இருக்கலாம், கைகொடுக்காவிட்டால் மறைக்காமல் சொல்லுவேன் என்றார். எவ்வளவு காலம் என்று திரும்பவும் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார். ஒரு டொக்டரின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டு, உண்மையில் அவளுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன்.

"நீங்க என்ர கலியாணத்தப் பாத்திட்டுப் போகவேணும் எண்டுதானே அம்மா ஓம் எண்டனான்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

"எவ்வளவு காலம் இருப்பன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் பயத்தில உன்னைக் கட்டிக்குடுக்க மாட்டன். நீ படி."

இவர் லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு வந்தார். "ஏசினவங்கள்தான். ஏசட்டும்" என்று சொல்லிக்கொண்டே போட்டிருந்த சேர்ட்டைக் கழற்றினார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஒப்பரேஷன் எனக்குக் கைகொடுத்தது. நோவு மெல்ல மெல்ல இறங்கியது. அடுத்த பள்ளித் தவணைக்கே திரும்பவும் படிப்பிக்கப் போனேன். பிறகு விலா எலும்பில் வந்தது. திரும்பவும் கதிர்ச் சிகிச்சை, அப்போது புதிதாக வந்திருந்த குளிசை மாத்திரைகள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களும் உண்டு. மகள் பல்கலைக்கழகம் போனாள், என்னைப்போலவே டீச்சரானாள், தனக்குப் பிடித்தவரைக் கட்டினாள். கலியாணத்துக்கு நான்தான் பலகாரம் சுட்டேன்.

குறிஞ்சாக்கேணிக்காரிக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. சில வருஷங்களில் வருத்தம் ஈரலுக்குப் போய்விட்டது. செய்தி கேட்டுப் படகுத்துறையைக் கடந்து போனபோது அடக்கம் முடிந்திருந்தது. ஒரே வருத்தம், ஒரே ஒப்பரேஷன். எனக்கு ஏன் இவ்வளவு காலம், அவளுக்கு ஏன் அவ்வளவுதான் என்று டொக்டரிடம் கேட்டேன். அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னார்.

இன்றைக்கும் கிளினிக்குக்குப் போகிற நாளில் பயம்தான். ஆனால் "தெரியாது" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எனக்கு இவ்வளவு வாழ்க்கை இருந்ததே என்று நினைக்கும்போது, அதைக் கேட்கவைத்தவளுக்கு நன்றி சொல்லி எனக்கு இன்னும் முடியவில்லை.