பதினாறு பேருக்கு நான் போட்ட பாஸ்

சிரம்பான் நகரத்தில், லோபாக் பகுதியில், என் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். புத்தகம்கூட இல்லை, விளம்பரம். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள், எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.

"டீச்சர், கம்போடியா போறேன் லா. மூணு மாசம் வாலண்டியர். ரெண்டு மொழியில படிச்சுக் குடுக்கற ஸ்கூலு. நீங்க ஒரு லெட்டர் எழுதித் தரணும்."

ஏன் நான் என்று கேட்டேன். "நீங்கதானே அந்தக் காலத்துலயே கப்பலேறி வந்து சம்பளம் இல்லாம படிச்சுக் குடுத்தவங்க. அம்மா சொன்னாங்க" என்றாள்.

நல்ல பெண். காப்பி போட்டுக் கொடுத்து, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். ஆனால் புதுத் தாளும் மையும் கலந்த அந்த வாசனை அறையை விட்டுப் போகவில்லை. எனக்கு அது ஆகாது. பெட்ரோல் வாசனையில் சிலருக்குக் குமட்டும், மீன் வாசனையில் சிலருக்குக் குமட்டும், எனக்குப் புதுத் தாள். ஓர் ஆசிரியைக்கு வரக்கூடிய வியாதியா இது என்று கேட்பீர்கள். வந்துவிட்டது, என்ன செய்ய?

நான் யாழ்ப்பாணத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்துத் தேறியபோது எனக்குப் பத்தொன்பது வயது. தலை நிறையத் தொண்டு. மலாயாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அண்ணா கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, பிள்ளைகள் சும்மா சுற்றுகின்றன என்று அவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, சம்பளமே வேண்டாம், நான் போகிறேன் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தேன். அம்மா உடனே சரி என்றதற்குக் காரணம் வேறு. மலாயாவில் கிராணி மாப்பிள்ளைகள் மலிவு. ஆக, தொண்டு பாதி, கல்யாணம் பாதி என்று ஆறு வெள்ளைச் சேலைகளோடு வந்து இறங்கினேன்.

முதல் நாளே எனக்கு அருவருப்பு. மூக்கு ஒழுகிய பிள்ளைகள், தலையில் பேன், காலில் சிரங்கு, உடம்பில் புளித்த ரப்பர் பால் வாடை. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்து கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுவேன். மறுநாள் அதே கையால் அந்தப் பிள்ளைகளின் தலையைத் தடவி, கர்த்தர் உங்களை நேசிக்கிறார் என்பேன். அண்ணி ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தோல் கழண்டு விழப்போகுது பிள்ளை" என்றாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு நான் மிகவும் நல்லவளாகத் தெரிந்த காலம் அது.

நான் வந்து ஓராண்டுக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரே இரவில் காரேறிப் போனார். நாட்டின் பெயர், காசு, எல்லாம் மாறியது. கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். பொழுது விடியுமுன்னே பள்ளிக்கூடம். இருட்டில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எங்கேயோ இருக்கிற சக்கரவர்த்தியை நோக்கி இடுப்பை மடித்துக் குனிய வைக்க வேண்டும். அப்புறம் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, அதற்கப்புறம்தான் தமிழ். எங்கள் ஓலைக் கொட்டகை இருமொழிப் பள்ளிக்கூடம் ஆன கதை இதுதான்.

என்னைச் சிரம்பானுக்குக் கூப்பிட்டுச் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கற்றுக் கொடுத்தவன் ஒரு சார்ஜண்ட். தப்பாகச் சொன்னால் அறைவான். என்னுடன் படித்த பெரிய மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு தடவைகூட அடி வாங்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தேன், அவன் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினான். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். காலையில் மரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு, இரவில் அதே கிழங்கை மசித்து வேறு பெயர் வைத்து. இப்போது சிரம்பான் கடைகளில் அதை வாழையிலையில் வைத்து, மிளகாய்ச் சம்பால் ஊற்றி, ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும். தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயங்களில் அப்போது பிள்ளைகளுக்குக் கால் வீங்கியது. அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். அரிசி, அரிசி என்று ஜனங்கள் கனவு கண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஓர் உத்தரவு வந்தது. பெரியவர்களும் வேலை முடிந்து நிப்பொங்கோ படிக்க வேண்டும். பரீட்சையில் தேறுகிறவனுக்குச் சட்டையில் குத்த ஒரு தகர வில்லையும், வீட்டுக்கு மாதாமாதம் கூடுதல் அரிசியும். ஆண்கள் பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, பாலெடுக்க ரப்பர் மரம் சீவிக் காய்த்த கையில் சிலேட்டுக் குச்சியைப் பிடித்தார்கள். ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்று நான் ஆரம்பித்ததும் அவர்களில் சடையன் என்பவன், "இது நம்ம எழுத்துத்தானே டீச்சரம்மா, இதுக்கா அரிசி குடுக்கறான்?" என்று கேட்டான். கொட்டகையே சிரித்தது. அதற்கு மேல் சடையனுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஹாய் என்றால் ஆமாம். அது ஒன்றுதான் நின்றது. கூட ஒரு குனிவு.

பரீட்சைக்கு முந்தின நாள் அவன் மனைவி பச்சையம்மா, இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கால் பன் மாதிரி ஊதியிருந்தது.

"அவருக்கு மண்டையில ஏறல டீச்சரம்மா. நீங்க எப்பிடியாச்சும் பாஸ் போட்டுருங்க. இதுக்கு ஒரு வா கஞ்சி ஊத்தணும்."

பரீட்சை வைப்பதும் நான், மார்க் போடுவதும் நான். சிரம்பானிலிருந்து அச்சடித்த தாள்கள் வந்திருந்தன. ஆபீசின் பழைய கணக்குத் தாளின் முதுகில் எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் புதுத் தாளின் வாசனை மூக்கைத் துளைத்தது. பதினாறு பேருக்கும் பாஸ் போட்டேன். நன்றாகப் பேசுவார்கள் என்ற கட்டத்தில் பதினாறு வட்டம். உண்மையில் இரண்டு பேருக்கு நாலு வார்த்தை தெரியும். ஜப்பான்காரனை ஏமாற்றி ஏழைகளுக்குச் சோறு போட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமிதம். ஜெபத்தில்கூட அதைக் கொஞ்சம் கடவுளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

அரிசி இரண்டு மாதம் வந்தது. பிள்ளையின் கால் வற்றியது. மூன்றாம் மாதம் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். வில்லை குத்தியவர்கள் முதலில் வரவேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவன், ஜப்பான்காரன் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். அண்ணா பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் சும்மா பாஸ் போட்டேன் என்றேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உனக்கென்ன விசரே? பொய்ச் சோதினை வைச்சது ஆரெண்டு கேப்பான். முதல்ல உன்ர தலை, பிறகு என்ர தலை. பேசாமல் இரு."

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பதினாறு பேரையும் நிறுத்தியிருந்தார்கள். வந்த அதிகாரி இளைஞன், மரியாதையானவன். அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, நிதானமாக, எனக்குப் புரியும்படி, இவர்கள் எல்லோருக்கும் பேச வருமா என்று கேட்டான். அடிக்கவில்லை, அதட்டவில்லை. இல்லை என்று ஒரு சொல் போதும். அவர்களை விட்டிருப்பானா என்று தெரியாது. கூலியாகவாவது போயிருப்பார்கள், பேச்சாளாகப் போயிருக்க மாட்டார்கள். நான் இடுப்பை மடித்துக் குனிந்து, ஹாய் என்றேன். என் உச்சரிப்பு அன்றைக்கும் சுத்தமாகத்தான் இருந்தது. வரிசையிலிருந்த சடையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். டீச்சரம்மா காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தான் போல.

லாரியில் தம்பின் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெயர்தான் தம்பின், ஸ்டேஷன் நிற்பது மலாக்கா மண்ணில். இதையெல்லாம் பூகோளப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பதினாறு பேரில் சண்டை முடிந்து திரும்பி வந்தவன் ஒருவன்தான், ராமையா, போன இடத்தில் சடையனின் கூட்டத்தோடு வேலை செய்தவன். எலும்பும் தோலுமாக என் கொட்டகை வாசலில் குந்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஜப்பான்காரன் பாறைக்கு வெடி வைக்கப் போறான். ஆளுங்கள நவுத்தச் சொல்லி சடையன்கிட்ட சொல்லிருக்கான் போல. இவரு ஹாய்ன்னு குனிஞ்சாரு. எங்களுக்கு ஒண்ணும் சொல்லல, என்னான்னு அவருக்கே புரியல. ஏழு பேரு டீச்சரம்மா. அவரும்தான். பச்சையம்மாகிட்ட காலரான்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க."

நானும் அப்படியே சொன்னேன். அவள் அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வாங்கிக் குடுத்த அரிசியாலதான் இது உசுரோட இருக்குது" என்று பிள்ளையை என் காலில் விழ வைத்தாள். அதற்கப்புறம் வாரம் தவறாமல் முருங்கைக் கீரை, முட்டை, எப்போதாவது ஒரு கோழிக்குஞ்சு. வேண்டாம் என்று சொன்னேனா? தின்றேன். தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு, அவள் பிள்ளைக்கு அகரம் எழுதக் கற்றுக் கொடுத்தேன். எத்தனையோ அசிங்கங்களை ஜப்பான்காரன் இருந்த மூன்றரை ஆண்டில் பார்த்தேன். அந்தக் கீரைக் குழம்பைப் போல எதுவும் என் தொண்டையில் நின்றதில்லை.

கல்யாணம் ஆனது, சிரம்பான் பள்ளிக்கு வந்தேன், பென்ஷனும் வாங்கினேன். சேவைக்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அண்ணா செத்தார், கடைசிவரை அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ராமையாவும் போய்விட்டான். அவன் போனதைக் கேள்விப்பட்ட மறுநாள்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. என்ன துணிச்சல்! சாட்சி இல்லாத பிறகு வருகிற துணிச்சல். பஸ் பிடித்துப் போனேன், பச்சையம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே.

தோட்டத்தை விற்றிருந்தார்கள். லயம் இல்லை, கொட்டகை இல்லை, ஆபீஸ் இல்லை. ரப்பர் மரங்களை அடியோடு சாய்த்துச் செம்மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் ஓட்டியவன் மலாய்க்காரன், நேற்றுத்தான் வந்தவன். ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த தமிழனிடம் கேட்டேன். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள் என்றான். சிலர் மம்பாவ் என்ற ஊருக்குப் போயிருப்பார்கள் என்றார்கள், மம்பாவிலும் தேடினேன். பச்சையம்மா என்ற பெயரில் மூன்று பேரைப் பார்த்தேன். ஒருத்தியும் அவள் இல்லை.

எனக்குக் கேடயம் கொடுக்க நிறையப் பேர் இருந்தார்கள். என் முகத்தில் காறித் துப்ப உரிமை உள்ள ஒரே ஆள் எந்த ஊரில், எந்த வீட்டில், என்னை வாழ்த்திக்கொண்டே செத்தாள் என்பது எனக்குத் தெரியாது.